பிராங்க் காட்ச்: சிக்காகோ நகரத்து மற்போர் வரலாற்றில் ஒரு வாழ்வு

உடல் வன்மையாற் பெயர் பெற்றோர் வரலாற்றைக் கற்றோர் கூடிய அவையில் எடுத்துரைப்பது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். அறிவாற் சிறந்தோர், அருளாற் சிறந்தோர், நாட்டுக்கு உழைத்தோர் ஆகியோர் வரலாறுகள் நம் கைக்கு எளிதில் எட்டுகின்றன. அவை நமக்கு உறுபயன் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒருவன் வெற்றியைத் தேடிச் செல்லும் வழியில் எதனைக் கொடுத்து எதனைப் பெற்றான் என்பதை ஆராய்ந்தறிய விரும்புவார்க்கு ஒரு மல்லனது வாழ்க்கையும் சிறந்த துணையாகும். அவன் செய்வன யாவும் பல்லாயிரவர் கண்முன் நிகழ்தலின், அவன் பெருமையும் மறைவதில்லை, சிறுமையும் மறைவதில்லை. இக்கருத்துப் பற்றியே, அமெரிக்க நாட்டில் மற்போரில் ஒப்பாரின்றி விளங்கிய பிராங்க் காட்ச் என்பானது வரலாற்றை, அவன் புகழ் ஓங்கிய சிக்காகோ நகரத்தோடு இயைத்து ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நகரமும் போரும்

சிக்காகோ, மிச்சிகன் என்னும் பேரேரியின் கரையில் அமைந்த நகரம். 1865ஆம் ஆண்டில் அங்கே யூனியன் ஸ்டாக்யார்ட்ஸ் என்னும் பெருங் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ நகரின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கிற்று. ஆயினும், புகைவண்டிப் பாதைகள் பலவும் வந்து கூடும் இடமாதலின் நகரம் விரைவில் முன்னினும் பெரிதாய் எழுந்தது. ஜெர்மானியர், போலந்தினர், ஐரிஷ்காரர், பொகீமியர் முதலிய பல நாட்டுத் தொழிலாளர் அங்குக் குடியேறினர். பகலெல்லாம் உடலுழைத்தோர் மாலையில் உடல் வலிமையைக் காட்டும் போர்களைக் காண விரும்பியது இயல்பேயாம். இவ்வாறு அந்நகரத்தில் மற்போர் ஒரு தொழிலாக வேரூன்றிற்று.

அத்தொழிலில் தொடக்கத்திலேயே கொடுமையும் கலந்திருந்தது. எதிரியின் கழுத்தை நெரித்து வெல்வதனாற் கழுத்து நெரிப்போன் என்னும் பட்டப்பெயர் பெற்ற இவான் லூயிஸ் என்பான், 1886ஆம் ஆண்டில் அந்நகரத்தில் சொராகிச்சி என்னும் ஜப்பானிய மல்லனோடு பொருதபோது, அவன் காலைப் பற்றி முறுக்கி ஊறுபடுத்தினான். கண்டோர் வெகுண்டு கூச்சலிட்டனர். அந்த லூயிஸை 1895ஆம் ஆண்டில் அதே நகரத்தில் வென்றவன், அயோவா மாகாணத்து உழவனான மார்ட்டின் பர்ன்ஸ். அவன் உடல் சிறிது. கழுத்தோ மிகப் பெரிது. கழுத்தில் தூக்குக் கயிறிட்டுத் தொங்கவிட்டபோதும் ஊறின்றி நின்று அவன் மக்களுக்கு வேடிக்கை காட்டினானென்பர். நம் கதைத் தலைவனுக்கு ஆசானாக அமைந்தவன் இவனே.

மேலே செல்லுமுன் போர் முறையை ஒருவாறு விளக்குதல் வேண்டும். அக்காலத்து மேலைநாடுகளில் இருவகை மற்போர் வழங்கின. ஒன்று கிரேக்க உரோம முறை; அதில் இடுப்பின் கீழ் எதிரியைப் பற்றுதலும் காலால் இடறுதலும் ஆகா. மற்றொன்று, உடலின் எவ்வுறுப்பையும் பற்றலாம் என்னும் கட்டற்ற முறை. இரண்டிலும் எதிரியின் இரு தோள்களையும் ஒருங்கே தரையிற் படச் செய்வதே வெற்றி. வலி பொறாது எதிரி தானே ஒழிந்துகொள்ளினும் வெற்றியாம். பெரும்போர்களில் மூன்று வீழ்ச்சிகளில் இரண்டைப் பெற்றவனே வென்றவனாவான். அக்காலத்துப் போர் இரண்டு மணி, மூன்று மணி நேரம் நீடித்தலும் உண்டு.

இளமை

பிராங்க் காட்ச் 1877ஆம் ஆண்டு அயோவா மாகாணத்தில் ஹம்போல்ட் என்னும் சிற்றூரை அடுத்த ஒரு பண்ணையிற் பிறந்தான். பெற்றோர் ஜெர்மானிய வழியினர். உழவு வேலையில் உரம்பெற்ற அவன் உடல், ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் ஏறத்தாழ 200 இராத்தல் எடையும் உடையதாய் வளர்ந்தது. அண்டை அயலிலுள்ள இளைஞரையெல்லாம் மற்போரில் வென்று, தன்னை எதிர்ப்பார் இலரென அவன் இறுமாந்திருந்தான்.

1899ஆம் ஆண்டில் லூவர்ன் என்னும் ஊரில் அயலான் ஒருவன் வந்து அவனைப் போருக்கு அழைத்தான். தான் மரச்சாமான் வாணிகன் என்று அவன் சொல்லிக்கொண்டான். இருவரும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பொருதனர். இறுதியில் காட்ச் தோற்றான். வென்றவன் வாணிகன் அல்லன். டான் மக்லியாட் என்னும் பேர்பெற்ற மல்லனே வேற்றுருவில் வந்தவன் என்பது பின்னரே காட்சுக்குத் தெரிந்தது. தன் ஊரார் பந்தயம் வைத்திழந்த பணத்தைக் கண்ட காட்ச், மறைந்து வருவானிடம் உள்ள ஆற்றலையும் ஊதியத்தையும் ஒருங்கே கற்றுக்கொண்டான். இந்நிகழ்ச்சியை நம் மாணவ நண்பர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் பர்ன்ஸ், போர்ட் டாட்ஜ் என்னும் நகருக்கு வந்து, தன்னோடு சிறிது நேரம் எதிர்த்து நிற்பார் உளரோ என அறைகூவினான். காட்ச் எழுந்து சென்றான். சிறிது பொழுதில் வீழ்த்தப்பட்டான். ஆனால் அச்சிறு பொழுதிலேயே அவ்விளைஞனிடம் அமைந்த அரிய ஆற்றலைப் பர்ன்ஸ் உணர்ந்துகொண்டு, அவனைத் தன்பால் விடுவார்களாயின் விரைவில் நாட்டின் தலைமை வீரனாக்கித் தருவேன் என்று அவையோர்முன் கூறினான். அன்று முதல் காட்ச் அவனுக்கு மாணாக்கனானான். வெறும் வலிமை கலையாக மாறியது. பர்ன்ஸிடம் கற்ற பிடிகளுள் எதிரியின் பாதத்தைப் பற்றி முறுக்கும் பாதப்பிடி காட்சின் கையில் அச்சந்தரும் படைக்கலமாயிற்று.

மறைபெயரில் ஈட்டிய பொருள்

1901ஆம் ஆண்டில் காட்ச் வடகோடியிலுள்ள குளோண்டைக் நாட்டுக்குச் சென்றான். அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டதனால் பல்லாயிரவர் பொன் தேடித் திரண்டிருந்தனர். பிராங்க் கென்னடி என்னும் பொய்ப்பெயர் பூண்டு, தன்னை எளிய தொழிலாளிபோற் காட்டிக்கொண்டு, தன் கூட்டாளிகளோடு முன்னரே பேசிவைத்த போர்களிற் கலந்து, பந்தயம் வைத்தோரிடமிருந்து பெரும்பொருள் ஈட்டித் திரும்பினான். இரண்டாண்டுகளுக்கு முன் மக்லியாட் தனக்குச் செய்ததையே இவன் பிறர்க்குச் செய்தான். ஏமாற்றப்பட்டவன் ஏமாற்றத்தை வெறுக்கக் கற்றுக்கொள்வான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். காட்ச் கற்ற பாடம் வேறு. அவன் வாழ்வு முழுவதும் படர்ந்த நிழல் இங்கேதான் தொடங்கிற்று என யாம் கருதுகின்றோம்.

நாட்டின் தலைமை

அக்காலத்தில் அமெரிக்கத் தலைமைப் பட்டத்தைத் தாங்கியிருந்தவன், கிளீவ்லாந்து நகரத்து இரும்பாலைத் தொழிலாளியாகிய டாம் ஜென்கின்ஸ். அவனுக்கு ஒரு கண் இல்லை. ஆயினும் அஞ்சா நெஞ்சினன். முதலில் அவனிடம் தோற்ற காட்ச், 1904ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வாஷிங்டன் மாகாணத்துப் பெல்லிங்காம் நகரில் அவனை வென்று பட்டத்தைக் கைப்பற்றினான். 1905இல் அதனை அவனிடமே இழந்தான். 1906இல் மீண்டும் பெற்றான். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் பிரெட் பீல் என்னும் உருவிற் சிறிய மல்லனிடம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோற்று, அம்மாதமே அவனை மறுபடி வென்றான். அதன்பின் பட்டம் அவன் கைவிட்டுப் போகவில்லை. பெருவீரரும் பன்முறை தோற்றே தலைமையெய்தினர் என்பதற்கு இவ்விரண்டாண்டுச் செய்திகள் சான்றாம்.

ருஷ்யச் சிங்கம்

அந்நாளில் உலகத் தலைமை மல்லனாகப் போற்றப்பட்டவன் ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட். அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின்கீழ் இருந்த எஸ்தோனியாவில் 1877ஆம் ஆண்டிற் பிறந்த அவனை மக்கள் ருஷ்யச் சிங்கம் என்றழைத்தனர். சிற்பிகள் கனவிற் காணும் உருவம் அவனுடையது. 1905ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஜென்கின்ஸை வென்றதனால் அவன் தலைமை அமெரிக்காவிலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவனையும் காட்சையும் எதிரெதிர் நிறுத்தினாலன்றி உண்மைத் தலைவன் யாவன் என்பது தெளியாது என மக்கள் கருதினர். அப்போருக்குரிய களமாகச் சிக்காகோ அமைந்தது.

1908ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் நாள் இரவு, கால்நடைச் சந்தையை அடுத்த டெக்ஸ்டர் பார்க் மண்டபத்தில் அப்போர் நிகழ்ந்தது. ஹாக்கென்ஷ்மிட் போதிய பயிற்சியின்றியே வந்திருந்தான். காட்சோ உடலைத் திருத்தமுற அமைத்துக்கொண்டு வந்தான். சிங்கம் விரைவிற் பாய்ந்து வெல்லும். நெடும்பொழுது தாங்காது என்பது அவன் கணக்கு. ஆதலின் அவன் வீழ்த்தவும் முயலாது, வீழவும் இடந்தராது, எதிரியின் கழுத்தின்மேற் பாரத்தைச் சார்த்தி, அரங்கமெங்கும் தள்ளித் தள்ளிக் களைப்புறச் செய்தான். இரண்டு மணி நேரம் சென்றது. ஹாக்கென்ஷ்மிட் போரைச் சமமென முடித்துவிடலாம் என்று வேண்டினான், காட்ச் இசையவில்லை. பின்னர் அவனைக் கீழே வீழ்த்திப் பாதப்பிடி போட முனைந்தபோது, சிங்கம் முதல் வீழ்ச்சியை விட்டுக்கொடுத்தது; இரண்டாம் போருக்கு அரங்கம் ஏறவும் மறுத்துவிட்டது. உழவர் மகன் உலகத் தலைவனானான்.

தோற்றவன் முதலில் வென்றவனைப் பாராட்டினான், பின்னர்க் குறைகூறினான். காட்ச் தன் உடலில் எண்ணெய் பூசியிருந்தானென்றும், விரலாற் கண்ணில் ஊறு செய்தானென்றும், தலையால் முட்டினானென்றும் அவன் பலமுறை உரைத்தான். காட்சைச் சேர்ந்தோர் இவற்றை மறுத்தனர். ஒன்று மட்டும் துணிந்து கூறலாம். அன்று எண்ணெய் பூசியிருப்பினும் இல்லையெனினும், இரண்டு மணி நேரம் சலியாது நின்ற மூச்சு, எண்ணெயாற் பெற்றதன்று. ஆண்டுக்கணக்கான உழைப்பினாற் பெற்றது.

கைகுலுக்கலுக்கு முன்

1910ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் சிக்காகோவின் கலிசியம் மண்டபத்தில் காட்ச், போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு பொருதான். ஸ்பிஸ்கோ போர் தொடங்கும் வேளையில் மரபுப்படி கைகுலுக்கக் கையை நீட்டினான். காட்ச் அக்கையைக் குலுக்காது, அவன் கால்களிற் பாய்ந்து சில விநாடிகளிலேயே முதல் வீழ்ச்சியைப் பெற்றுவிட்டான். ஸ்பிஸ்கோவைச் சார்ந்தோர் முறையிட்டும் நடுவர் அதனைச் செல்லும் என்றே விட்டார். இரண்டாம் வீழ்ச்சியையும் காட்சே பெற்றான். சட்டத்தில் இதற்குத் தடை இல்லாமலிருக்கலாம். ஆனால் நீட்டிய கையின் நம்பிக்கையைத் தன் வெற்றிக்குக் கருவியாக்கியது வீரமாகுமோ என்று யாம் வினவாதிருத்தற்கில்லை. காட்ச் கைகுலுக்கிப் பொருதிருப்பினும் வென்றிருப்பான் என்பதை இரண்டாம் வீழ்ச்சி காட்டிற்று. அதுவே நம் வருத்தத்தை மிகுவிக்கின்றது.

இதே ஸ்பிஸ்கோ, அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள் லண்டனில் நம் இந்திய நாட்டுப் பெருமல்லன் காமாவை எதிர்த்தான். காமாவின் பாய்ச்சலுக்கு அஞ்சி அவன் இரண்டு மணி நேரத்திற்கு மேல் பெரும்பாலும் தரையிற் குப்புறக் கிடந்தே காலங்கழித்தான். போர் முடிவின்றி நின்றது. அடுத்த வாரம் வைத்த போருக்கு அவன் வாராமையால் வெற்றி காமாவினதாயிற்று. பின்னர் 1928ஆம் ஆண்டில் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் எதிர்ப்பட்டபோது காமா ஒரு நிமிடத்திற்குள் அவனை வீழ்த்தினான். காமாவும் காட்சும் எதிரெதிர் நின்றதே இல்லை. அப்போர் நிகழாமற் போனது மற்போர் விரும்பும் இரு நாட்டார்க்கும் பேரிழப்பேயாம்.

இரண்டாம் பெரும்போர்

1911ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4ஆம் நாள், தொழிலாளர் விடுமுறை நாளில், காட்சும் ஹாக்கென்ஷ்மிட்டும் மறுமுறை பொருதனர். இம்முறை மண்டபம் போதாதென்று, முந்தைய ஆண்டில் திறக்கப்பட்ட காமிஸ்கி பார்க் என்னும் பந்தாட்ட அரங்கில் களம் அமைத்தனர். ஏறத்தாழ 30,000 பேர் திரண்டனர். நுழைவுக் கட்டணம் சுமார் 87,000 டாலர் சேர்ந்தது. அமெரிக்காவில் அதுவரை எந்த மற்போருக்கும் அத்துணைப் பொருள் சேர்ந்ததில்லை.

ஆனால் களத்தில் நின்ற சிங்கம் காயமுற்ற சிங்கம். பயிற்சியின்போது ஹாக்கென்ஷ்மிட்டின் முழங்கால் ஊறுபட்டிருந்தது. அது தற்செயலாய் நேர்ந்தது என்பார் ஒருசாரார். காட்சின் பக்கத்தார் கொடுத்த பொருளைப் பெற்றுத் தானே அதனைச் செய்ததாகப் பிற்காலத்தில் ஒரு மல்லன் கூறிக்கொண்டான் என்பர் மற்றொருசாரார். எது மெய்யென இன்றும் அறிஞர் ஒருமைப்படவில்லை. போரைத் தள்ளிவைத்தால் அரங்கப் பணம் போய்விடும் என்பதனால் போர் நிற்கவில்லை. தொடங்குமுன் பந்தயங்கள் யாவும் செல்லாவென அறிவிக்கப்பட்டமை, அவையோர் மனத்தில் ஐயத்தை விளைத்தது. அரைமணி நேரத்திற்குள் காட்ச் இரு வீழ்ச்சிகளையும் பெற்றான். முப்பதாயிரவர் பொருள் கொடுத்துக் கண்டது, நொண்டிய வீரன் ஒருவன் விரைந்து தோற்றதை மட்டுமே. ஆரவாரத்தோடு வந்தவர்கள் முணுமுணுத்துத் திரும்பினர்.

இறுதி நாட்கள்

அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே காட்ச் தன் ஊரினளான கிளாடிஸ் என்னும் நங்கையை மணந்திருந்தான். அவர்கட்கு ஒரு மகன் பிறந்தான். 1913ஆம் ஆண்டில் எஸ்தோனியனாகிய ஜார்ஜ் லூரிச்சைக் கான்சாஸ் சிட்டியில் வென்றபின், அவன் தொழிலினின்றும் ஒதுங்கி ஹம்போல்ட்டிற் பண்ணையைப் பேணி வாழ்ந்தான். நெப்ராஸ்கா மாகாணத்து இளைஞன் ஜோ ஸ்டெக்கர் புதிய தலைவனாய் எழவே, இருவரையும் பொருதச் செய்ய வேண்டுமென மக்கள் விரும்பினர். ஆனால் 1916இல் காட்சுக்குக் கால் எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டில் சிறுநீரக நோய் பற்றிற்று. 1917ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நாற்பது வயதளவில், அவன் தன் ஊரிலேயே உயிர் நீத்தான். எவராலும் வீழ்த்த இயலாத உடலை நோய் சில மாதங்களில் வீழ்த்திற்று. 2012ஆம் ஆண்டில் ஹம்போல்ட் மக்கள் அவன் பயின்ற பூங்காவில் வெண்கலச் சிலை ஒன்றை நிறுவினர்.

அவனிடம் தோற்ற ஹாக்கென்ஷ்மிட், மற்போரை விடுத்து, உடற்பயிற்சி நூல்களும் தத்துவ நூல்களும் எழுதிக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தான். 1968ஆம் ஆண்டில் தொண்ணூறு வயதில் லண்டனில் மறைந்தான்.

அவனுக்குப் பின் சிக்காகோ

நிற்க. காட்சுக்குப்பின் அந்நகரத்து மற்போர் எவ்வாறாயிற்று? மெய்ப்போர் நெடும்பொழுது நீடித்துப் பலர்க்குச் சலிப்பூட்டிற்று. அதில் நேர்மை இல்லையென்னும் ஐயமும் வளர்ந்தது. 1920க்குப் பின் போர் நடத்துவோர், முடிவைத் தாமே முன்னர்க் குறித்து, கண்கவர் பாய்ச்சல்களையும் நடிப்பையும் சேர்த்து, அதனைக் காட்சியாகவே அமைத்தனர். மக்கள் குறையவில்லை. 1934ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிக்லி பீல்ட் அரங்கில் கிரேக்கனான ஜிம் லாண்டோஸ், முன்னாளைய கழுத்து நெரிப்போன் பெயரையே தாங்கிய எட் லூயிஸை வென்றபோது 35,000க்கு மேற்பட்டோர் கூடினர். 1911இல் சேர்ந்த தொகையை அன்று சேர்ந்த 96,000 டாலருக்கு மேற்பட்ட தொகை விஞ்சிற்று. 1949 முதல் மாரிகோல்ட் மண்டபத்தினின்றும் தொலைக்காட்சி வாயிலாக மற்போர் நாடெங்கும் ஒளிபரப்பப்பட்டது. 1961 ஜூன் 30இல் காட்ச் நின்ற அதே காமிஸ்கி பார்க்கில் படி ரோஜர்ஸ், பாட் ஓகானரை வென்றதைக் காண 38,000க்கு மேற்பட்டோர் வந்தனர்.

டெக்ஸ்டர் பார்க் மண்டபம் 1934ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தது. கால்நடைச் சந்தை 1971இல் மூடப்பட்டது. காமிஸ்கி பார்க் 1991இல் இடிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில், மற்போர் மெய்ப்போட்டியன்று, கேளிக்கையே என்று அதனை நடத்துவோரே நியூஜெர்சி மாகாண மன்றத்தின்முன் ஒப்புக்கொண்டனர். அரசு விதித்த வரியும் மேற்பார்வையும் நீங்குதற்பொருட்டே அவ்வாறு கூறினர்.

எம் கருத்து

காட்சை எவ்வாறு மதிப்பது? அவனைக் குற்றமற்ற வீரனாகப் புனைந்துரைத்தல் உண்மைக்கு மாறாகும். வஞ்சகன் என்று ஒதுக்கிவிடுதலும் அவ்வாறே. தோல்வியிற் சோராமை, ஆசானைத் தேடிப் பணிந்து கற்றமை, எதிரியின் இயல்பை ஆய்ந்து அதற்கேற்பப் பயின்றமை ஆகியவற்றில் அவன் நமக்கு ஆசிரியனே. ஆனால் அவன் தன் ஆற்றலை முழுதும் நம்பவில்லை. வலிமையால் வெல்லத்தக்க இடத்திலும் சூழ்ச்சியைத் துணைக்கழைத்தான். அதன் பயன் யாது? இன்றளவும் அவனது ஒவ்வொரு பெருவெற்றியின் பின்னும் ஒரு வினா நிற்கின்றது. அவன் உண்மையாகவே பெற்றதையும் உலகம் ஐயுறுகின்றது. பொய்யால் ஒருவன் அடையும் தண்டனைகளுள் இதுவே கொடிது என யாம் எண்ணுகின்றோம். ஏனெனில் அவன் மெய்யும் நம்பப்படாது போகின்றது. மேலும் அத்தண்டனை அவனோடு நில்லாது, அவன் கலையையும் பற்றிக்கொண்டது. காண்பார் நம்பிக்கை இழந்தபின் அக்கலை போராய் நில்லாது கூத்தாய் மாறிற்று.

அரங்கம் ஏறாத நமக்கும் போட்டிகள் உள. தேர்வு மண்டபத்திலும் விளையாட்டு வெளியிலும் நாளை மேற்கொள்ளும் தொழிலிலும், நீட்டிய கையைக் குலுக்கிய பின்னரே பொருதல் வேண்டுமா என்னும் வினா நம்மை எதிர்ப்படும். அப்போது பிராங்க் காட்சின் வலிமையை நினைந்து பயில்வோமாக. அவன் விட்டுச்சென்ற ஐயங்களை நினைந்து நம் வெற்றிகளைத் தூயவாய்க் காத்துக்கொள்வோமாக.